புழு மருந்து ஊத்தியும் ஆடு சாகுதா? அடுத்த பாட்டில் வாங்கும் முன் ஒரு பிடி புழுக்கையை டெஸ்ட் பண்ணுங்க... செலவு எவ்வளவு, எப்படிச் செய்வது? முழு விளக்கம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி மூணு, நாலு வாரம் ஆனதும் ஆடு வளர்க்கும் ஊர்களில் ஒரே மாதிரியான பேச்சு கிளம்பும். "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் மேஞ்சுச்சு. காலையில பாத்தா பட்டியில செத்துக் கிடக்கு."

கழிச்சல் இருந்திருக்காது. காய்ச்சல் இருந்திருக்காது. கீழ்த்தாடையில் மட்டும் தண்ணீர் நிரப்பிய பை மாதிரி ஒரு வீக்கம் தொங்கியிருக்கும். கண் இமையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இருக்காது, வெள்ளைத் துணி போல வெளிறியிருக்கும். ஆட்டுக்காரர் அடுத்து கேட்கும் கேள்வியும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "போன மாசம்தானே புழு மருந்து ஊத்துனோம்?"

ஊத்தியது உண்மைதான். அந்த மருந்து அந்த மந்தையில் வேலை செய்ததா என்பதை யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கிறது. 80 வருஷத்துக்கும் மேலான பழைய டெஸ்ட். தேவையானவை ஒரு கைப்பிடி புழுக்கை, கொஞ்சம் உப்புத் தண்ணீர், ஒரு மைக்ராஸ்கோப். ஆனால் நம்ம ஊரில் மருந்து பாட்டில் போய்ச் சேர்ந்த இடங்களுக்கெல்லாம் இந்த டெஸ்ட் போய்ச் சேரவில்லை.

2019-ல் எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறி ஆடுகள் இருக்கின்றன. வெள்ளாடு சுமார் 99 லட்சம். சேலம், நாமக்கல் பக்கம் மேச்சேரி, ராமநாதபுரத்தில் வெள்ளை, தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் வேம்பூர் என்று வட்டாரத்துக்கு ஒரு இனம். ஆனால் எல்லாவற்றின் வயிற்றிலும் இருக்கும் எதிரி கிட்டத்தட்ட ஒன்றேதான்.

யார் இந்த எதிரி?

பெயர் ஹீமாங்கஸ் கன்டார்டஸ். ஆட்டின் நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உருளைப்புழு. பெண் புழுவின் உடம்பில் ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளை நிறக் கருப்பைக் குழாயும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு தெரியும். அந்தக் காலத்து ஐரோப்பிய முடிதிருத்தும் கடை வாசலில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கம்பம் இருக்குமே, அதைப் போல இருப்பதால் ஆங்கிலத்தில் அந்தக் கம்பத்தின் பெயரையே இந்தப் புழுவுக்கு வைத்துவிட்டார்கள்.

ஒரு புழு ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தை இழக்க வைக்கும். ஒரு சொட்டுதானே என்று தோணும். ஆனால் வயிற்றில் இருப்பது ஒரு புழு இல்லை. 1,000 புழு என்றால் நாளைக்கு 50 மில்லி. 5,000 என்றால் 250 மில்லி, அதாவது ஒரு டம்ளருக்கு மேலே. 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டர் சொச்சம்தான். நாளைக்கு ஆறில் ஒரு பங்கு போனால் எத்தனை நாள் தாங்கும்? கழிச்சல் எதுவும் இல்லாமல் "திடீர்னு" ஆடு விழுவது இப்படித்தான். ரத்தம் பல நாளாகப் போய்க்கொண்டே இருந்திருக்கும், நமக்குத்தான் தெரியாது.

இனப்பெருக்கக் கணக்கு இன்னும் மோசம். ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். 500 பெண் புழு இருக்கும் ஒரே ஒரு ஆடு, மேய்ச்சல் நிலத்தில் தினமும் 25 லட்சம் முட்டையைப் போட்டுவிட்டுப் போகும். மழையும் கதகதப்பும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து, தொற்றக்கூடிய இளம்புழுவாகிப் புல்லில் ஏறிவிடும். அதை ஆடு மேயும். மூணு வாரத்தில் வயிற்றில் முட்டை போடும் அடுத்த தலைமுறை ரெடி. மழை தொடங்கி மூணு, நாலு வாரம் கழித்துச் சாவுச் செய்தி வருவதற்குக் காரணம் இந்தச் சுழற்சிதான்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். புழுக்கையோடு சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாக வந்து விழும் நாடாப்புழுத் துண்டுகளைப் பார்த்ததும் பதறிப்போய் மருந்துக்கு ஓடுவோர் நிறைய. அது கண்ணுக்குத் தெரியும், அதனால் பயம். ஆனால் நாடாப்புழுவால் வளர்ந்த ஆட்டுக்குப் பெரிய ஆபத்து வருவது குறைவு. ஆளைத் தீர்ப்பது கண்ணுக்குத் தெரியாத முட்டையோடு வெளியே வரும் இந்த உருளைப்புழு.

மருந்து ஏன் தோற்கிறது?

கொசுவத்தி பழகிப்போன கொசு மாதிரிதான். ஒவ்வொரு தடவை மருந்து ஊத்தும்போதும் பலவீனமான புழுக்கள் சாகும். மருந்தைத் தாங்குகிற ஒரு சில பிழைக்கும். அடுத்த தலைமுறை அந்தப் பிழைத்தவற்றின் வாரிசு. இப்படியே சில வருஷம் போனால் மந்தை முழுக்கத் தாங்குகிற புழுவாகவே இருக்கும்.

இது புதிய பிரச்சினை இல்லை. தயாபெண்டசோல் என்ற மருந்து 1961-ல் வந்தது. ஆட்டுப் புழுவிடம் அது தோற்கத் தொடங்கியதாக 1964-லேயே அறிக்கை வந்துவிட்டது. வெறும் மூணு வருஷம்! 1981-ல் ஐவர்மெக்டின் வந்தது. கொரோனா காலத்தில் டிவி விவாதங்களில் அடிபட்ட அதே பெயர்தான். அதைக் கண்டறிந்த வில்லியம் கேம்பெல், சடோஷி ஓமுரா இருவருக்கும் 2015-ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதுவும் இன்று பல நாடுகளில் ஆட்டுப் புழுவிடம் தடுமாறுகிறது. 2009-ல் நியூசிலாந்தில் மோனிபான்டெல் என்ற புத்தம் புதிய ரக மருந்து வந்தது. 2013-ல் அதற்கும் எதிர்ப்பு பதிவாகிவிட்டது.

இந்தியாவில் 1970-களிலிருந்தே மருந்து எதிர்ப்பு பற்றிய ஆய்வுகள் வருகின்றன. தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளிலும் அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் அடங்கிய குடும்பத்து மருந்துகளுக்கு எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. நம்ம ஊர் மருந்துக் கடையில் முதலில் எடுத்துத் தருவதும் இந்தக் குடும்பத்து மருந்தைத்தான்.

இன்னொரு விஷயமும் நடக்கிறது. கடையில் பிராண்டை மாற்றி வாங்கினால் மருந்தை மாற்றியதாக நினைத்துக்கொள்கிறோம். லேபிளைத் திருப்பிப் பாருங்க. அல்பெண்டசோல் வேலை செய்யாத மந்தைக்கு ஃபென்பெண்டசோல் வாங்கினால் அது அண்ணனை அனுப்பிவிட்டுத் தம்பியைக் கூட்டி வந்த கதை. லெவாமிசோல், ஐவர்மெக்டின், குளோசான்டெல் ஆகியவை தனித்தனிக் குடும்பங்கள்.

அளவும் முக்கியம். ஆட்டின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைவாக ஊத்தினால் புழுவுக்குப் பயிற்சி கொடுத்த மாதிரி. வெள்ளாடும் செம்மறியும் கலந்த மந்தையில் இது கூடுதலாக நடக்கும். வெள்ளாட்டின் உடம்பு பல புழு மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். அதனால் செம்மறிக்குச் சரியான அளவு வெள்ளாட்டுக்குப் போதாமல் போகலாம். அதற்காக "கொஞ்சம் சேத்தே ஊத்து" என்பதும் ஆபத்து. குளோசான்டெல் அளவு மீறினால் ஆட்டுக்குப் பார்வையே போகும். லெவாமிசோலில் சரியான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. சினையின் தொடக்கத்தில் இருக்கும் ஆட்டுக்கு அல்பெண்டசோல் கூடாது. அளவை டாக்டரிடம் கேட்டு, எடை போட்டுக் கொடுப்பதுதான் வழி.

சரி, அந்த டெஸ்ட் என்ன?

அரசு ஆவணங்களில் 'சாணப் பரிசோதனை' என்று இருக்கும். ஆட்டுக்குச் சாணம் என்ற சொல் எனக்கு ஒட்டவே இல்லை. புழுக்கை என்று நல்ல சொல் இருக்கும்போது எதற்கு? இந்தக் கட்டுரையில் புழுக்கைதான்.

ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை புழு முட்டை இருக்கிறது என்று எண்ணுவதுதான் டெஸ்ட். கார்டன், விட்லாக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1939-ல் வெளியிட்ட முறை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் அவர்கள் வேலை பார்த்த ஆய்வகத்தின் பெயரால் மெக்மாஸ்டர் முறை என்கிறார்கள்.

2 கிராம் புழுக்கையை 28 மில்லி செறிவான உப்புக் கரைசலில் நன்றாக மசித்துக் கலக்க வேண்டும். சமையல் உப்பே போதும். இனிமேல் கரையாது என்ற அளவுக்கு உப்பு போட்ட தண்ணீர். டீ வடிகட்டியில் வடித்து, கோடு போட்ட மெக்மாஸ்டர் ஸ்லைடின் இரண்டு அறைகளிலும் நிரப்ப வேண்டும். உப்புக் கரைசல் கனம், முட்டை லேசு. ஐந்து நிமிஷம் விட்டால் முட்டைகள் மேலே மிதந்து வரும். 100 மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு அறைகளிலும் கோட்டுக்குள் இருக்கும் முட்டைகளை எண்ணி, 50-ஆல் பெருக்கினால் விடை.

ஏன் 50? 30 மில்லி கரைசலில் 2 கிராம் புழுக்கை இருக்கிறது. ஸ்லைடின் இரண்டு அறைகளும் சேர்ந்து 0.3 மில்லி. அதில் இருப்பது 0.02 கிராம் புழுக்கை, அதாவது ஒரு கிராமில் 50-ல் ஒரு பங்கு. 24 முட்டை எண்ணினால் கிராமுக்கு 1,200.

இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? 200-க்குக் கீழே என்றால் பொதுவாகக் கவலை குறைவு. 1,000-ஐத் தாண்டினால் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நிலை. இது தோராயக் கணக்குதான். குட்டிகள், சினை ஆடுகள், இளைத்த ஆடுகள் இதைவிடக் குறைந்த எண்ணிக்கையிலேயே தள்ளாடும். மழைக்காலத்து 500-ம் கோடையின் 500-ம் ஒன்றல்ல. மழைக்காலத்தில் அது அடுத்த மாதமே பல மடங்காகும். எண்ணையும் ஆட்டையும் சேர்த்துப் பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

டெஸ்ட்டுக்கும் எல்லை உண்டு. வயிற்றில் புதிதாகப் போன குட்டிப்புழு முட்டை போடாது, ஆனால் ரத்தம் குடிக்கும். அதனால் "முட்டை இல்லை" என்றால் "புழு இல்லை" என்று அர்த்தமாகாது. பல வகை உருளைப்புழுக்களின் முட்டை பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எந்தப் புழு என்று இதை வைத்தே உறுதியாகச் சொல்ல முடியாது. ஈரல் தட்டைப்புழுவின் முட்டை கனமானது, உப்புக் கரைசலில் சரியாக மிதக்காது. அதற்கு முட்டையை அடியில் படிய வைத்துப் பார்க்கும் வேறு முறை வேண்டும்.

60 ஆட்டுக்கும் 60 டெஸ்ட்டா? கட்டுப்படியாகுமா?

வேண்டாம். டெஸ்ட் மலிவாவது இங்கேதான்.

மந்தையின் நிலையை அறிய 10 ஆட்டின் புழுக்கையை ஒரே மாதிரியாகக் கலந்து ஒரு டெஸ்ட் செய்தால் போதும். ஒவ்வொரு ஆட்டிலிருந்தும் சம அளவு எடுப்பது முக்கியம். ஒன்றில் ரெண்டு உருண்டை, இன்னொன்றில் ஒரு கைப்பிடி என்று எடுத்தால் சராசரி கெட்டுவிடும். வளர்ந்த ஆடு ஒரு கலவை, குட்டிகள் தனிக் கலவை. இரண்டையும் சேர்க்கக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 ஆடு, ஒரு ஆட்டுக்கு ஒரு வேளை மருந்து 10 ரூபாய், வருஷத்துக்கு 4 தடவை என்று வைத்துக்கொண்டால் 2,400 ரூபாய். ஒரு கலவை டெஸ்ட்டுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மருந்துக்கு முன் இரண்டு, பின் இரண்டு, மொத்தம் 400 ரூபாய். அந்த மருந்து இந்த மந்தையில் வேலை செய்யாது என்று 400 ரூபாயில் தெரிந்துவிட்டால் மிச்சமாவது 2,000 ரூபாய் மட்டும் இல்லை. ஒரு ஆடு செத்தாலே நஷ்டம் பல ஆயிரம். அது சினை ஆடாக இருந்தால் வயிற்றில் இருக்கும் குட்டியும் சேர்த்து.

ஊரில் நாலைந்து பேர் சேர்ந்தால் இன்னும் குறையும். பள்ளி, கல்லூரிகளில் பயன்படுத்தும் சாதாரண மைக்ராஸ்கோப் சில ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. மெக்மாஸ்டர் ஸ்லைடைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். மற்றபடி உப்பு, வடிகட்டி, தராசுதான். நியூசிலாந்தில் விவசாயிகளே பண்ணையில் வைத்து முட்டை எண்ணுவதற்கென்று தனி உபகரணமே விற்பனைக்கு வந்தது. பிளஸ் டூ படித்த பிள்ளை ஒன்றிரண்டு நாளில் பழகிக்கொள்ளக் கூடிய வேலை இது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் ஆட்டுக்குக் கடன் வாங்கித் தருகின்றன, கூடவே ஒரு மைக்ராஸ்கோப்பும் வாங்கி வைக்கலாமே என்று கேட்கத் தோணுகிறது. எண்ணுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், மருந்து முடிவு மட்டும் டாக்டருடையது.

புழுக்கை எடுப்பதில் நடக்கும் தப்பு

வெயிலில் காய்ந்ததைப் பொறுக்கிக்கொண்டு போனால் டெஸ்ட் வீண். சூடு ஆறாத புழுக்கை வேண்டும். காலையில் பட்டியைத் திறப்பதற்கு முன் ஆடுகளைச் சுத்தமான ஒரு மூலைக்கு ஓட்டிப் பத்து நிமிஷம் நிறுத்துங்கள். எழுந்ததும் எப்படியும் போடும். உடனே எடுத்துவிடலாம்.

சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக்கிக் கட்ட வேண்டும். சூட்டிலும் காற்றிலும் வைத்தால் முட்டை பொரிந்து புழுவாகிவிடும், எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃபிரீஸரில் வைக்கக் கூடாது. ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

டெஸ்ட் வசதியே இல்லையா? கண்ணைப் பாருங்க

தென்னாப்பிரிக்காவில் 1990-களில் உருவான முறை, பெயர் ஃபமாச்சா. இதை முதலில் யோசித்த கால்நடை மருத்துவர் ஃபாஃபா மாலன் என்பவரின் பெயரையும் அட்டை என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் வெட்டி ஒட்டிய பெயர் அது.

கீழ் இமையைப் பிதுக்கி உள் சவ்வின் நிறத்தை அட்டையில் இருக்கும் ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். 1 என்றால் நல்ல சிவப்பு. 5 என்றால் வெள்ளை. 1, 2-க்கு மருந்து வேண்டாம். 4, 5-க்குக் கட்டாயம் வேண்டும். 3-ல் இருப்பது குட்டியாகவோ சினை ஆடாகவோ பால் கொடுக்கும் ஆடாகவோ இருந்தால் கொடுத்துவிடுவது நல்லது. பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கொட்டகை இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பதும், போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் கேட்பதும் ஆகாது, நிறம் மாறித் தெரியும். இமையை ரொம்ப நேரம் பிதுக்கிக்கொண்டே இருந்தாலும் சிவந்துவிடும். இரண்டு எண்ணுக்கு நடுவே சந்தேகம் வந்தால் வெளிறிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். ஆனால் இது ரத்தம் குடிக்கும் புழுவை மட்டுமே காட்டிக்கொடுக்கும். சத்துக் குறைவு, உண்ணி, ஈரல் தட்டைப்புழு எதனாலும் கண் வெளிறலாம். தாடை வீக்கமும் அப்படியே. காய்ச்சலோடு முகம் முழுக்க வீங்கி, மூக்கில் சளி ஒழுகினால் நீல நாக்கு நோயாக இருக்கலாம். புழு மருந்து ஊத்திக்கொண்டு காத்திருக்கும் நேரம் இல்லை அது.

மருந்து வேலை செஞ்சுதா? 14-வது நாள் தெரியும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

மருந்து ஊத்தும் அன்று 10 முதல் 15 ஆடுகளின் புழுக்கையை எடுத்து எண்ணுங்கள். அந்த ஆடுகளுக்கு அடையாளம் போட்டு வையுங்கள். 14 நாள் கழித்து அதே ஆடுகளில் திரும்ப எண்ணுங்கள். முதலில் சராசரி 1,200, பிறகு 60-க்குக் கீழே என்றால் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது, மருந்து வேலை செய்கிறது. பிறகும் 480 இருந்தால் 60 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. 95-க்குக் கீழே போனால் மருந்து எதிர்ப்பு என்று சந்தேகிக்க வேண்டும்.

60 சதவீதம் குறைந்த மந்தையில் ஆடு கொஞ்ச நாள் தேறின மாதிரி தெரியும். "மருந்து கேக்குது" என்றுதான் நினைப்போம். உண்மையில் அந்த மருந்துக்கு அடங்காத புழு மட்டும் உள்ளே மிச்சமிருக்கும், மேய்ச்சல் நிலத்தில் இனி விழுவது அதன் முட்டை மட்டுமே.

வேப்பிலை, குப்பைமேனி, சோற்றுக்கற்றாழை என்று நாட்டு மருந்து கொடுப்போரும் இதே 14 நாள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம்பிக்கையா, பலனா என்ற சண்டையே வேண்டாம். எண்ணிக்கை குறைந்திருந்தால் குறைந்தது, இல்லையென்றால் இல்லை.

எல்லா ஆட்டுக்கும் ஊத்தக் கூடாதா?

கேட்கவே விசித்திரமாக இருக்கும். ஒரு நாள் குறித்து, மந்தை மொத்தத்துக்கும் ஊத்தி, மறுநாளே புது மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவதுதான் பல வருஷமாகச் சொல்லப்பட்ட நல்ல பழக்கம். இப்போது நிபுணர்கள் அதைக் கைவிடச் சொல்கிறார்கள்.

மந்தையில் புழு சமமாகப் பரவியிருப்பதில்லை. 100-ல் 20, 30 ஆடுகளிடம்தான் மொத்தப் புழுவில் 80 சதவீதம் இருக்கும். மிச்ச ஆடுகள் கொஞ்சம் புழுவோடு சமாளித்துக்கொள்ளும். அந்த ஆடுகளின் வயிற்றில் மருந்தையே பார்க்காத, மருந்துக்கு அடங்கும் புழுக்கள் இருக்கும். அவை முட்டை போட்டுக்கொண்டே இருந்தால் எதிர்ப்புள்ள புழுக்கள் மேய்ச்சல் நிலத்தை மொத்தமாகப் பிடிக்க முடியாது. எல்லா ஆட்டுக்கும் ஊத்திப் புது நிலத்துக்கு ஓட்டினால், அங்கே போய் விழுவது மருந்தைத் தாங்கிய புழுவின் முட்டை மட்டும்தான். தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் கொடுத்தால் மருந்துச் செலவும் குறையும்.

சந்தையில் வாங்கும் ஆட்டுக்கு இது பொருந்தாது. எட்டயபுரத்திலோ மேலப்பாளையத்திலோ வாங்கி வரும் ஆட்டோடு சேர்ந்து இன்னொரு பண்ணையின் மருந்துக்கு அடங்காத புழுவும் வரலாம். தனியாகக் கட்டி, மருந்து கொடுத்து, 14-வது நாள் டெஸ்ட் பார்த்த பிறகு மந்தையில் சேர்ப்பதே பாதுகாப்பு.

கிடை ஆடுகளுக்கு வேறு கதை

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த டெல்டா வயல்களுக்கு மந்தையை ஓட்டிப் போய்க் கிடை போடுவார்கள். வயலுக்கு உரம், ஆட்டுக்குத் தாள் மேய்ச்சல். ஆனால் தண்ணீர் நின்ற வயலும் வாய்க்கால் ஓரமும் நத்தை இருக்கும் இடம். ஈரல் தட்டைப்புழுவும் இரைப்பைத் தட்டைப்புழுவும் நத்தைக்குள் வளர்ந்துதான் ஆட்டுக்கு வரும். ஈரத்திலிருந்து திரும்பும் மந்தைக்குப் புழுக்கை டெஸ்ட் கொடுக்கும்போது "தட்டைப்புழுவுக்கும் பாருங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மிதவை டெஸ்ட்டில் அது தவறிப்போகும். மருந்தும் வேறு. உருளைப்புழுவைக் கொல்லும் எல்லா மருந்தும் தட்டைப்புழுவைக் கொல்லாது, ஐவர்மெக்டின் அதைத் தொடவே தொடாது.

மட்டன் சாப்பிடுறவங்களுக்கு?

இந்த ரத்தப்புழு கறி வழியாக நமக்கு வராது. அது ஆட்டுக்குப் புல் வழியாகத்தான் போகிறது. கவனிக்க வேண்டியது மருந்தின் மிச்சத்தை. ஒவ்வொரு மருந்துக்கும் கொடுத்த பிறகு இத்தனை நாள் கறிக்கு வெட்டக் கூடாது என்று லேபிளில் இருக்கும். தீபாவளி, பக்ரீத் விற்பனைக்கு முந்தின வாரம் "தேத்தி விடலாம்" என்று மருந்து ஊத்துவது அதனால்தான் தப்பு.

எங்கே போகணும்?

முதலில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம். மைக்ராஸ்கோப் இருக்கும் இடத்தில் அங்கேயே பார்ப்பார்கள். இல்லையென்றால் மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரியை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளும் பல மாவட்டங்களில் இருக்கும் அதன் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையங்களும் இன்னொரு வழி. கட்டணம் உண்டா, எந்த நாளில் மாதிரி வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஆடு படுத்துவிட்டது, எழவில்லை என்றால் டெஸ்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 1962-க்கு போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றித் தகவல் கிடைக்கும்.

அரசையும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கால்நடை முகாம்களில் குடற்புழு நீக்க மருந்து இலவசமாகக் கிடைப்பது ஏழை வீட்டுக்கு உண்மையான உதவி. ஆனால் முகாமின் வெற்றியை எத்தனை ஆட்டுக்கு மருந்து கொடுத்தோம் என்ற எண்ணிக்கையில் அளக்கும் வரை, அந்த மருந்து அந்த ஊரில் இன்னும் வேலை செய்கிறதா என்ற கேள்வி வராது. ஒரு ஊருக்கு ஒரு மந்தையில், முகாம் நாளிலும் 14 நாள் கழித்தும் ஒரு கலவை டெஸ்ட் எடுத்தாலே எந்த வட்டாரத்தில் எந்த மருந்து தோற்கத் தொடங்கியிருக்கிறது என்று ஒரு வரைபடம் கிடைத்துவிடும். இதற்குப் புதுத் திட்டமோ புது ஆய்வகமோ தேவையில்லை.

புழுக்கை கொண்டுபோகும் கவர் மேல் நாலு விஷயம் எழுதி ஒட்டிவிடுங்கள்: எடுத்த தேதி, குட்டியா வளர்ந்த ஆடா, எத்தனை ஆட்டின் கலவை, கடைசியாக எந்த மருந்தை என்றைக்கு ஊத்தினீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் ஞாபகம் இல்லையென்றால் பழைய பாட்டிலையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.